கணக்கில் அடங்காத கருணை: திரைப்படங்கள் கற்பிக்கும் வேதபாடம்

சினிமாவுக்கும் சமயத்துக்கும் வெகுதூரம் என்று கருதிய பெரியோர் நம்மிடையே பலர் இருந்தனர். இன்றும் சிலர் உளர். வேதபுத்தகம் ஒருபுறம், திரைப்படம் மறுபுறம், இரண்டிற்கும் நடுவே உயர்ந்ததொரு மதில் என்பது அவர்கள் கொள்கை. ஊவா மலைநாட்டிலோ அந்த மதில் என்றுமே அத்தனை உயரமாக இருந்ததில்லை. எல்ல, தெமோதரை, பசறை, நமுனுகுலை, பண்டாரவளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், ஞாயிறு காலையில் தேவாலயத்தில் முழந்தாட்படியிட்ட குடும்பமே அன்று மாலையில் திரைப்படத்தின் முன்னும் அமர்ந்தது. பதுளைக்கும் பண்டாரவளைக்கும் பஸ் ஏறிச் சென்று படம் பார்த்த காலம் ஒன்று. பலர் சேர்ந்து பணம் போட்டு 'டெக்' வாடகைக்கு எடுத்து, லயத்து வாசலில் விடிய விடியப் படம் பார்த்த காலம் மற்றொன்று. இப்போது தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. கருவி மாறியதேயன்றி ஆசை மாறவில்லை.

அந்த ஆசையைக் கடிந்துகொள்வதால் பயன் யாது? அதைவிட, பார்த்த படத்திலிருந்து பிள்ளைகள் என்ன பெற்றுக்கொண்டார்கள் என்று விசாரிப்பது பயனுடையதன்றோ?

இயேசுபிரான் தம் போதனையைத் தத்துவ நூலாக எழுதிவைக்கவில்லை. கதைகள் சொன்னார். விதைப்பவன், காணாமற்போன ஆடு, வீட்டைவிட்டு ஓடிப்போன இளைய மகன், வழியில் அடிபட்டுக் கிடந்த மனிதன் ஆகியோரெல்லாம் அக்காலத்துச் சாமானிய மக்களின் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவர்கள். கேட்டவர் திண்ணையிலும் வயலிலும் பேசிக்கொள்ளத் தக்க கதைகள் அவை. கதையின் வாயிலாக உள்ளத்தைத் தொடுவது வேதத்துக்குப் புதிதன்று.

திருச்சபையும் இதனை உணர்ந்தே வந்திருக்கிறது. 1936-ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் திரைப்படத்தைப் பற்றி ஒரு சுற்றுமடல் விடுத்தார். அதன் தீமைகளை எச்சரித்தபோதிலும், நன்மை செய்யவல்ல ஆற்றல் அதற்கு உண்டென்பதை அவர் மறுக்கவில்லை. திரைப்படக் கலை தோன்றி நூறாண்டு நிறைவெய்திய 1995-ஆம் ஆண்டில் வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் சமயப் படங்களோடு, 'பைசிக்கிள் தீவ்ஸ்' என்னும் இத்தாலியப் படமும் 'காந்தி'யும் இடம்பெற்றன. சைக்கிளைப் பறிகொடுத்த ஏழைத் தொழிலாளியின் கதை ஒன்று. கிறிஸ்தவரல்லாத மகாத்மாவின் சரிதை மற்றொன்று. சிலுவை தோன்றும் படம் மட்டுமே வேதபாடம் புகட்டும் என்று வத்திக்கானும் எண்ணவில்லை என்பது இதனால் விளங்கும்.

பேரும் அரைப்பேரும்

தோட்டத்து வாழ்வை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல்லை விளக்குதல் வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குரிய கூலிக் கணக்கைப் 'பேர்' என்பார்கள். காலையில் பெரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்து பறித்து, நிர்ணயித்த நிறை தராசில் காட்டப்பட்டால் முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். மழை பெய்ததா, உடம்புக்கு முடியவில்லையா, கைக்குழந்தைக்குக் காய்ச்சலா என்பதையெல்லாம் தராசு கேட்பதில்லை.

திராட்சைத் தோட்டத்து வேலையாட்களைப் பற்றி இயேசு கூறிய உவமையை இந்த மக்கள் முன் வாசித்துப் பாருங்கள். விடியற்காலையில் வந்தவனுக்கு ஒரு நாட்கூலி. பொழுது சாயும் வேளையில் வந்து ஒரு மணி நேரமே உழைத்தவனுக்கும் அதே கூலி. நகரத்துப் பிரசங்கிமார் இதனை விளக்கப் பல வியாக்கியானங்களைத் தேடுவர். கொழுந்துக் கூடை சுமந்த தாய்க்கோ வியாக்கியானமே வேண்டியதில்லை. அரைப்பேருக்கும் தகுதியற்றவனுக்கு முழுப்பேர் போட்ட முதலாளி ஒருவரைப் பற்றிய கதை அது! வியப்பும், சிறிது முணுமுணுப்பும், பின்னர் ஆறுதலும் அவள் உள்ளத்தில் ஒருங்கே எழும். வேதம் 'கிருபை' என்று அழைப்பது இதனைத்தான். கணக்கின்படி வருவது கூலி; கணக்கைக் கடந்து வருவது கிருபை.

நம் மக்கள் கண்டு கண்ணீர் வடித்த படங்களிற் சில இந்தக் கிருபையையே மையமாகக் கொண்டவை என்பது சிந்திக்கத்தக்கது.

திருடனுக்குக் கிடைத்த வெள்ளி

பிரெஞ்சு எழுத்தாளர் விக்தோர் ஹ்யூகோ 1862-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார். பசிக்கு ரொட்டி திருடியதில் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் சிறையில் வாடியவன் ஜீன் வால்ஜீன். விடுதலையாகி வந்தவனுக்கு எவரும் இடமளிக்கவில்லை. மேற்றிராணியார் ஒருவர் மட்டும் உணவளித்துப் படுக்கையும் தந்தார். அவனோ இரவில் அவருடைய வெள்ளித் தட்டுகளைத் திருடிக்கொண்டு ஓடினான். காவலர் அவனைப் பிடித்து வந்து நிறுத்தியபோது, அவை தாம் கொடுத்தவையே என்று கூறிய அப்பெரியார், வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். அன்று முதல் அவன் புதிய மனிதனானான்.

இக்கதை 1950-ஆம் ஆண்டில் கே. ராம்நாத்தின் இயக்கத்தில் 'ஏழை படும் பாடு' என்ற பெயரிலேயே தமிழ்ப்படமாயிற்று. வி. நாகையா கதாநாயகனாக நடித்தார். அவனை விடாது துரத்தும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன், அப்பாத்திரத்தின் பெயராலேயே பிற்காலம் முழுவதும் 'ஜாவர்' சீதாராமன் என்று வழங்கப்பட்டார்.

ஜாவர் தீயவன் அல்லன். நேர்மையானவன், கையூட்டு வாங்காதவன். அவன் அறிந்தது கணக்கு ஒன்றே. குற்றத்துக்குத் தண்டனை, பாக்கி ஒரு சதமும் விடுவதற்கில்லை. நாவலில், தான் வேட்டையாடிய மனிதனே தன் உயிரைக் காத்தபோது அவனுடைய கணக்குப் புத்தகம் குழம்பிப் போகிறது. கருணையைத் தாங்கிக்கொள்ள இயலாமல் அவன் தன்னையே மாய்த்துக்கொள்கிறான். நீதியை மட்டும் அறிந்து இரக்கத்தை அறியாதவன் இரக்கத்தின் முன் உடைந்து விடுகிறான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கத்தில் காட்டமுடியும்?

இதே கதையின் சாயலில் எழுந்ததுதான் 1972-ஆம் ஆண்டில் பி. மாதவன் இயக்கிய 'ஞான ஒளி'. வியட்நாம் வீடு சுந்தரம் எழுதிய நாடகமே திரைக்கு வந்தது. குருவானவரின் அன்பில் வளர்ந்த முரட்டு அந்தோணியாகச் சிவாஜி கணேசனும், அவனைத் தொடரும் காவல் அதிகாரி லாரன்ஸாக மேஜர் சுந்தரராஜனும் நடித்தனர். அந்தோணி என்ற பெயர் தாங்கிய ஒருவன், ஆலய மணியோசையின் நடுவே, தமிழில் தேவனை நோக்கிக் கதறியது மலைநாட்டுக் கிறிஸ்தவருக்குத் தம் வீட்டுத் துயரமாகவே தோன்றியிருத்தல் வேண்டும். குற்றவாளியாகத் தப்பிச் சென்றவன் பிறருக்கு நன்மை செய்து வாழ்கிறான். ஆயினும் பழைய பாக்கி அவனைத் தேடி வருகிறது. அவன் வாழ்வை மாற்றியது சட்டத்தைப் பற்றிய அச்சம் அன்று. தன்னை நம்பிய ஒரு குருவானவரின் நம்பிக்கையே.

சிலுவை தோன்றாத இடத்திலும்

1961-ஆம் ஆண்டில் ஏ. பீம்சிங் இயக்கிய 'பாவ மன்னிப்பு' இன்னும் ஒருபடி அப்பாற் செல்கிறது. தலைப்போ நாம் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடும் சொல். ஆயினும் படத்தின் நாயகன் ரஹீம், இஸ்லாமியக் குடும்பத்தில் வளர்ந்தவன். இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் ஆகிய மூன்று சமயத்தாரும் அக்கதையில் பின்னிப் பிணைந்து வருகின்றனர். திராவகத்தால் முகம் சிதைந்த பின்னரும் ரஹீம் பழிக்குப் பழி தேடுவதில்லை.

மன்னிப்பைக் கற்பிக்க இஸ்லாமிய இளைஞனா என்று சிலர் வியக்கலாம். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியெடுத்த நல்லவனாக இயேசு தம் கதையில் யாரைக் காட்டினார்? குருவையா, லேவியனையா? யூதர் வெறுத்து ஒதுக்கிய சமாரியனையன்றோ! ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் மாரியம்மனை வணங்குவோரும் மாதாவை வணங்குவோரும் சுவர் பகிர்ந்து வாழும் தோட்டங்களில் இது நாள்தோறும் காணும் உண்மை. இதே பீம்சிங் பின்னர் இயேசுவின் வரலாற்றையே தெலுங்கில் 'கருணாமயுடு' என்று படமாக்கினார். 1978-இல் வெளிவந்த அப்படம் 'கருணாமூர்த்தி' என்று தமிழிலும் வந்தது.

கையிழந்த அரசகுமாரி

நம் பாட்டிமார் மறவாத படம் 1948-ஆம் ஆண்டின் 'ஞானசௌந்தரி'. சிட்டாடல் நிறுவனத்தாரின் அப்படத்தில் எம். வி. ராஜம்மாவும் டி. ஆர். மகாலிங்கமும் நடித்தனர். அதே ஆண்டில் ஜெமினி வாசனும் அதே கதையைப் படமாக்கி வெளியிட்டு, வரவேற்பின்மையால் விரைவிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார். சிற்றன்னையின் சூழ்ச்சியால் இரு கைகளும் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட அரசகுமாரிக்குத் தேவமாதா கைகளை மீண்டும் அருளுகிறாள் என்பது கதை.

கொழுந்து பறிப்பவளுக்குக் கையே முதல், கையே சோறு. கையிழந்த பெண்ணின் துயரம் அவளுக்கு வெறும் கதையன்று. மேலும் ஒன்று: அந்த 1948-ஆம் ஆண்டிலேதான் இலங்கையின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறி, தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. யாதொரு குற்றமும் செய்யாமல் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட அரசகுமாரியின் கதை, உழைத்த மண்ணிலேயே உரிமையிழந்த மக்களின் கதையை ஒத்திருந்தது. அந்த இழப்பு முற்றாகத் தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. திரையில் மூன்று மணி நேரத்தில் திரும்பி வந்த கைகள், வாழ்வில் திரும்பி வர 55 ஆண்டுகள் ஆயின.

ஆகவே திரைப்படத்தின் சுபமான முடிவைப் பிள்ளைகளுக்கு அப்படியே ஊட்டிவிடலாகாது. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் காலையில், கொஸ்லந்தவுக்கு அருகே மீரியபெத்த தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. அன்று எந்த அற்புதமும் மண்ணைத் திருப்பித் தள்ளவில்லை. தப்பிய மக்கள் பள்ளிக்கூடங்களில் தங்கினர்; சமயமும் மொழியும் பாராமல் பலர் உணவும் உடையும் கொண்டுவந்தனர். வெட்டுண்ட கைக்குப் பதிலாக அயலானின் கை நீண்டது. விசுவாசிக்கு அதுவும் தேவன் அருளிய கையே.

எச்சரிக்கையும் தேவை

எல்லாப் படமும் வேதபாடம் ஆகிவிடாது. தன் தங்கையைக் கெடுத்தவனைக் கதாநாயகன் வெட்டிச் சாய்க்கும்போது கொட்டகை முழுவதும் கைதட்டுகிறது. பகைவனுக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னவரின் சீடர் அங்கே கைதட்டலாமா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நடிகரை வணங்கும் ஆபத்தும் உண்டு. 1917-ஆம் ஆண்டில் நம் மலைநாட்டு நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். மீது தோட்ட மக்கள் கொண்ட பாசம் அளவற்றது. 'இயேசுநாதர்' என்ற படத்துக்காக அவர் வேடமணிந்தார்; படம் வளராமல் நின்றுபோயினும், அந்த வேடத்தில் எடுத்த நிழற்படம் பல வீடுகளின் சுவரை அலங்கரித்தது. பாசத்தில் பிழையில்லை. ஆனால் திரையின் வீரன் பத்துப் பேரை அடித்து வெல்கிறான். கல்வாரியின் நாயகனோ அடித்தவர்களுக்காகப் பிதாவிடம் மன்றாடினார். இந்த வேற்றுமையைப் பிள்ளைகள் அறியாவிடின், சுவரிலிருக்கும் படம் யாருடையது என்பதே மறந்துவிடும்.

இதற்குப் பெரும் படிப்புத் தேவையில்லை. படம் முடிந்ததும் தாயோ தந்தையோ மூன்று கேள்விகள் கேட்டாற் போதும். இந்தக் கதையில் தகுதியில்லாமலே நன்மை பெற்றவர் யார்? மன்னித்தவர் அதற்காக எதை இழந்தார்? அந்த இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம்? முதற் கேள்வி கிருபையையும், இரண்டாவது சிலுவையையும், மூன்றாவது நம் கடமையையும் காட்டும்.

1921-இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண எல்லவுக்கு உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து படம் பிடித்துச் செல்கின்றனர். அதைச் சூழ்ந்த மலைகளில் இன்றும் கொழுந்து நிறுக்கப்படுகிறது; பேரும் அரைப்பேரும் இன்றும் பதியப்படுகின்றன. நாளெல்லாம் நிறுத்துப் பார்க்கப்படும் மனிதருக்கு, நிறுக்காமலே அள்ளிக் கொடுப்பவர் ஒருவர் உண்டு என்னும் செய்தி தேவை. அதனை ஆலயத்தில் கேட்டாலும் நன்று. அன்று மாலை பார்த்த படத்தில் கண்டு, பிள்ளைகளோடு பேசித் தெளிந்தாலும் நன்றே.