மாத்திரையை நிறுத்தியதும் பீரியட்ஸ் தள்ளிப்போகுதா? பயம் வேண்டாம், கணக்கு தெரிந்தால் போதும்!

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்களின் கண் குற்றால மலை மேலேயே இருக்கும். சில வருஷம் சீக்கிரமே சாரல் கட்டிவிடும். சில வருஷம் மெயினருவியில் வெறும் பாறைதான் தெரியும். அதற்காக ‘அருவி அவ்வளவுதான்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘சீசன் தள்ளிப்போகுது’ என்று காத்திருப்பார்கள்.

கருத்தடை மாத்திரையை நிறுத்திய பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் மட்டும் அந்தப் பொறுமை காணாமல் போய்விடுகிறது. “கண்ட மாத்திரையையும் தின்னு கர்ப்பப்பையைக் கெடுத்துக்கிட்டியே” என்பார் மாமியார். “அப்படியெல்லாம் இல்ல அத்தை” என்று சொல்ல மருமகளுக்கும் தைரியம் வராது.

மாமியாரையும் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெரும்பாலும் ஆபரேஷன்தான். மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அனுபவத்தில் சொல்ல வீட்டில் ஆள் இருப்பதில்லை.

அது நிஜ பீரியட்ஸ் இல்லை!

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் ‘மாலா-என்’ அட்டையில் 28 மாத்திரைகள். அதில் 21 ஹார்மோன் மாத்திரைகள். மீதி 7 இரும்புச்சத்து மாத்திரைகள். ஹார்மோன் உள்ளே போகும்வரை சினைமுட்டை வெளிவராது. இரும்புச்சத்து மாத்திரை நாள்களில் ஹார்மோன் குறைவதால் ரத்தப்போக்கு வரும். அதனால்தான் அது தேதி தவறாமல் வருகிறது.

மாத்திரையை அடியோடு நிறுத்தினால் மூளையும் சினைப்பையும் பழையபடி வேலையைத் தொடங்க வேண்டும். பெரும்பாலானோருக்கு 4 முதல் 6 வாரங்களில் பீரியட்ஸ் வந்துவிடும். சீராக மூன்று மாதம்வரை ஆகலாம். மாத்திரையால் கர்ப்பப்பை கெடுவதில்லை. குழந்தைப்பேறு நிரந்தரமாகப் பாதிக்கப்படுவதும் இல்லை.

திருமணத்துக்கு முன்பு வயிற்றுவலி, அதிகப் போக்கு, முகப்பரு, பி.சி.ஓ.எஸ். இருந்தவர்களுக்கு அவை திரும்பக்கூடும். அது மாத்திரை கொடுத்த வியாதி அல்ல. மாத்திரை மூடிவைத்திருந்த பழைய தொல்லை.

ஊசி போட்டவர்களுக்கு...

அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் ‘அந்தரா’ ஊசியின் கணக்கு வேறு. அதைப் போடும்போதே பலருக்கு பீரியட்ஸ் நின்றுவிடும். ‘கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடும்’ என்று பயப்படுவார்கள். கர்ப்பப்பையின் உட்சுவர் மெலிந்திருப்பதால் வெளியேற ரத்தமே இல்லை, அவ்வளவுதான். நிறுத்திய பிறகு கருத்தரிக்க, கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 7 முதல் 10 மாதங்கள் ஆகலாம். அடுத்த வருஷமே குழந்தை வேண்டும் என்பவர்கள் இதை முன்கூட்டியே கணக்கிடுவது நல்லது.

காப்பர்-டியில் ஹார்மோனே இல்லை. அதனால் அதிகமான போக்கு, அதை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும்.

இதை மறக்காதீர்கள்

பீரியட்ஸ் வருவதற்கு முன்பே சினைமுட்டை வெளியாகும். எனவே, மாத்திரையை நிறுத்திய பிறகு ஒருமுறைகூட பீரியட்ஸ் வராமலே கர்ப்பம் தரிக்கலாம். நாள் தள்ளினால் முதல் வேலை, மெடிக்கலில் கார்டு வாங்கி யூரின் டெஸ்ட் செய்வது. இப்போது குழந்தை வேண்டாம் என்றால், நிறுத்திய நாளிலிருந்தே ஆணுறை போன்ற வேறு வழி அவசியம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

* மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாகியும் பீரியட்ஸ் வராவிட்டால்
* மணிக்கொரு நாப்கின் நனைந்தால், அல்லது ஒரு வாரத்துக்கு மேல் போக்கு நீடித்தால்
* மூச்சு வாங்கினால், தலை சுற்றினால் (ரத்தசோகையாக இருக்கலாம்)
* நாள் தள்ளி, அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்தால் உடனே, இரவானாலும்

தைராய்டு, எடை மாற்றம், மன உளைச்சல்கூட பீரியட்ஸைத் தள்ளிப்போடும். எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட்டால் உண்மையான காரணம் தப்பிவிடும்.

நேரில் கேட்கக் கூச்சமா? உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் பேசுங்கள். 104-க்கு போன் செய்தும் கேட்கலாம். அப்படியே இதை அத்தையின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுங்கள்!