மரபுத்தொடரும் அனுமானமும்

ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க ஐதராபாத்தில் 1958-ஆம் ஆண்டு மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பெற்றது. இன்று அது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. ஆங்கிலம் பயில்வோர் யாவரும் சந்திக்கும் ஓர் இடர் மரபு வழக்கு. சொற்களின் பொருளைக் கூட்டினால் வழக்கின் பொருள் கிட்டுவதில்லை.

‘ரெட் டேப்’ எளிது. கோப்புகளைக் கட்டிய சிவப்பு நாடா அலுவலகத் தாமதத்துக்குப் பெயராயிற்று. தமிழும் ‘சிவப்பு நாடா’ என அதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் தீர்மானம் ஒன்று ‘டேபிள்’ செய்யப்பட்டது என்று ஓர் அறிக்கை கூறினால்? சொல்லுக்குச் சொல் பார்த்தால் மேசைதான் தெரியும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் அது அவையின் முன் வைத்தலைக் குறிக்கும். அமெரிக்காவிலோ பெரும்பாலும் கிடப்பில் போடுதலை. (கிடப்பில் போடுதலும் மரபுத்தொடரே!) இரண்டும் நேர் எதிர். அகராதி இரு பொருளையும் தரும். எது பொருந்தும் என்பதை வாசகரே அனுமானிக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வாக்கியம் துணைபுரியும். ‘பின்னர் உறுப்பினர்கள் இரண்டு மணி நேரம் விவாதித்தனர்’ என்றிருப்பின் முதற்பொருள். ‘அத்துடன் முயற்சி நின்றது’ என்றிருப்பின் பெரும்பாலும் இரண்டாவது. ‘பெரும்பாலும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். அவையின் முன் வைக்கப்பட்டுத் தோல்வியுற்ற தீர்மானமும் அத்துடன் நின்றிருக்கலாம். ஆகவே அறிக்கை எந்நாட்டில் எழுதப்பட்டது என்பதையும் பார்த்த பின்னரே அலுவலர் கோப்பில் குறிப்பு எழுதுதல் தகும்.