வெள்ளைப்பூண்டில் துருநோய்

கொல்லையில் இரண்டு பாத்தி பூண்டு வைத்திருப்போர், தாள்களில் செம்மஞ்சள் பொட்டுகளைக் கண்டவுடன் பயந்து பயிர் முழுவதையும் பிடுங்கிவிடுவதுண்டு. நோய் தானே போய்விடுமென்று வாளாவிருப்பாரும் உண்டு. இரண்டும் நஷ்டத்திற்கே வழியாகும்.

முதலில் நோய் இன்னதென்று நிச்சயிக்க வேண்டும். தாள் நுனி மஞ்சளாவதெல்லாம் துருநோயன்று. இலைப்பேனாலும், நீர் தேங்குவதாலும், உரக்குறைவாலும் அவ்வாறு ஆகலாம். வெள்ளைத் துணியால் தாளை மெல்லத் துடைத்தால், துருநோயாயின் இரும்புத் துருவையொத்த தூள் துணியில் ஒட்டும். நாளடைவில் அப்பொட்டுகளிடையே கரும்பழுப்பு நிறப் பொட்டுகளும் தோன்றும்.

இத்தூள் பக்சீனியா என்னும் பூஞ்சக்காளானின் வித்துக்களாகும். அவை காற்றில் வெகுதூரம் செல்லும். பாரன்ஹீட் அளவில் 50 முதல் 75 டிகிரி வரையுள்ள குளிர்ச்சியும், தாளின்மேல் சில மணி நேரம் நீடிக்கும் பனியீரமும் இருந்தால் அவை முளைத்துத் தாளினுள் புகுந்துவிடும். கடும் வெயிலில் இந்நோய் பரவுவதில்லை. ஆகையால் மேல்பழனி மலை, நீலகிரி போன்ற குளிர்ந்த இடங்களில் பூண்டு பயிரிடுவோரே அதிக ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும்.

காளான் கிழங்கினுள் புகுவதில்லை. ஆனால் கிழங்கிற்கு ஆகாரம் தயாரிக்கும் தாள் காய்ந்துபோவதால் பல் சிறுத்து, மேல்தோல் மெலிந்துவிடுகின்றது. எனவே நோய் கண்ட காலமே முக்கியம். அறுவடைக்கு இரண்டு வாரமே இருக்கையில் கண்டால் மருந்துக்குச் செலவிடுவது வீண். கிழங்கு திரண்டு வரும் பருவத்திற்கு முன்பே கண்டால் தாமதிக்கலாகாது. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் குளிரும் ஈரமும் நீடித்தபொழுது, அங்குள்ள பூண்டு வயல்கள் இந்நோயால் பெருத்த சேதமடைந்தன.

ஆரம்பத்தில் ஓரிரு செடிகளிலே மட்டும் பொட்டுகள் இருந்தால் அத்தாள்களைக் கிள்ளி ஆழப் புதைத்துவிடலாம். காலையில் வேரடியில் மட்டும் நீர் விட வேண்டும். மாலையில் தாள்மீது தெளிப்பது நோயை வரவழைப்பதேயாகும். தழைச்சத்து மிகுந்து சாம்பற்சத்து குறைந்த நிலத்தில் நோய் வலுக்கும். நனையும் கந்தகம் நோய் புகாமல் காக்க உதவுமேயன்றிப் புகுந்ததை அகற்றாது. கலிபோர்னியாவில் டெபுகோனசோல் என்னும் மருந்து நல்ல பலன் தந்தது; எனினும் இத்தகைய மருந்துகளைத் தோட்டக்கலை அதிகாரியின் யோசனையின்றி உபயோகிக்கலாகாது. மருந்தடித்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாமென்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, தனி ஒருவரால் ஆகாத காரியம் ஒன்றுண்டு. இக்காளான் உயிருள்ள செடியில் மட்டுமே வளரும். மேல்பழனி மலையில் ஆண்டில் இரு போகம் பூண்டு விளைகின்றது. ஒரு போகம் முற்றும் தறுவாயில் பக்கத்துத் தோட்டத்தில் அடுத்த போகம் முளைத்து நின்றால், காளானுக்குப் பட்டினி என்பதே இல்லை. அறுவடையில் தவறி மண்ணில் தங்கிய பற்கள் முளைப்பதும், வேலியோரம் சமையலுக்கென்று விட்டுவைத்த நாலு செடியும் அதற்குப் போதும். வெங்காயமும் சில சமயங்களில் அதற்கு இடங்கொடுக்கும். ஒருவர் தம் தோட்டத்தை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தபோதிலும், அடுத்த வீட்டுக் கொல்லையிலிருந்து காற்று நோயைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

ஆதலின் சங்க அங்கத்தினர்கள் பொதுக்கூட்டத்தில் நடவுக்கு ஒரு காலத்தையும், அதற்குமுன் பழைய செடிகளையும் தானாய் முளைத்தவற்றையும் களைந்துவிடுவதற்கு ஒரு கெடுவையும் நிர்ணயித்துக்கொள்ளலாம். பச்சையாய் நிற்கும் செடியைப் பிடுங்கச் சொன்னால் வீட்டுப் பெண்மக்கள் இலேசில் சம்மதியார். காரணத்தை அவர்களுக்கு எடுத்துரைப்பது அவசியம். அங்கத்தினரல்லாதாரையும் இதில் சேர்த்துக்கொள்ளாவிடில் பயனில்லை. தெளிப்பான் ஒன்றைச் சங்கத்தின் பேரில் வாங்கிவைத்தால், சிறு தோட்டக்காரரும் காலத்தில் மருந்தடிக்க இயலும்.

நோய் கண்ட தோட்டத்துப் பூண்டை உண்பதால் தீங்கில்லை. ஆனால் தோல் மெலிந்தது நெடுநாள் தாங்காது. அதனை முதலிலேயே வீட்டுச் செலவிற்கு எடுத்துக்கொண்டு, திரட்சியான பூண்டை உலர்ந்த தாள் நீக்கி விதைக்கு நிறுத்திக்கொள்ள வேண்டும்.