காசிமேட்டு ஐஸும் கல்லூரி ஐஸ் ஹாக்கியும்

சென்னை எம்.கே.பி. நகர்ப் பையன்களிடம் ஐஸ் ஹாக்கி பற்றிக் கேட்டால், "இந்த வெயில்லயா?" என்று சிரிப்பார்கள். வியாசர்பாடி வட்டாரத்தில் கால்பந்துக்குத்தான் மவுசு. ஆனால் வெயில் மேல் பழி போட முடியாது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான ஆடவர் ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப்பின் இறுதிக் கட்டம், வெயிலுக்குப் பேர்போன ஃபுளோரிடாவின் டாம்பா நகரிலேயே 2012, 2016, 2023 ஆகிய ஆண்டுகளில் நடந்திருக்கிறது.

1948-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் நான்கே அணிகளோடு தொடங்கிய போட்டி இது. முதல் கோப்பை, டார்ட்மவுத்தை 8-4 என வென்ற மிச்சிகனுக்கு. இன்று 16 அணிகள். ஆறு லீக்குகளின் சாம்பியன்கள் நேரடியாக நுழைகிறார்கள். மீதி இடங்கள் பருவம் முழுக்க ஆடிய ஆட்டத்தைக் கணக்கிட்டுத் தரப்படுகின்றன. ஒரு தோல்வி, மூட்டை கட்ட வேண்டியதுதான். நான்கு ஊர்களில் ஆடி மிஞ்சும் நான்கு அணிகளின் மோதலுக்கு 'ஃப்ரோசன் ஃபோர்' என்று பெயர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். சமன் என்றால் கூடுதல் நேரத்தில் முதல் கோல் போட்டவருக்கே வெற்றி. 2023 இறுதியில் மின்னசோட்டாவைக் குவின்னிபியாக் வீழ்த்தியது கூடுதல் நேரத்தின் பத்தாவது விநாடியில். அதிகக் கோப்பைகள் டென்வர் பல்கலைக்கழகத்திடம். 2024-இல் பத்தாவதை வென்றது.

சரி, டாம்பாவில் ஐஸ் எப்படி நிற்கிறது? எம்.கே.பி. நகரிலிருந்து காசிமேடு பக்கம் போனால் விடை இருக்கிறது. மீனுக்கு ஐஸ் பார் போடும் தொழிற்சாலையில், அமோனியாவால் உப்புநீரைப் பூஜ்ஜியத்துக்கும் கீழே குளிர்விக்கிறார்கள். உப்பு இருப்பதால் அது உறைவதில்லை. அதில் முங்கியிருக்கும் பெட்டிகளிலுள்ள நல்ல தண்ணீர் உறைந்துவிடும். ஐஸ் ஹாக்கி அரங்கிலும் வேலை இதேதான். கான்கிரீட் தளத்துக்குள் புதைத்த குழாய்களில் குளிர்ந்த உப்புநீரோ கிளைக்கால் என்ற உறையாத திரவமோ ஓடுகிறது. மேலே தண்ணீரை மெல்லிய படலங்களாகத் தெளித்து ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிமனுக்குக் கொண்டுவருகிறார்கள். இடைவேளையில் ஒரு வண்டி வந்து கீறல்களைச் சுரண்டிவிட்டு, வெந்நீர் பூசிவிட்டுப் போகும். வெந்நீர்தான்! மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கிச் சமமாகப் படியும்.

இன்னொரு விநோதம்: திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் 1842-இல் கட்டப்பட்டது, பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிக் கப்பலில் வந்த ஐஸை வைக்கத்தான். அதே பாஸ்டனின் இரு பல்கலைக்கழகங்கள் இந்தக் கோப்பையை ஆளுக்கு ஐந்து முறை வென்றிருக்கின்றன.

நம் நாட்டில் ஐஸ் ஹாக்கிக்கு உண்மையான தடை மின்கட்டணம். டேராடூனில் 2011-இல் திறக்கப்பட்ட ஐஸ் உள்ளரங்கம், பராமரிப்புச் செலவைத் தாங்காமல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து 2025-இல்தான் மறுபடி உயிர்பெற்றது. அதனால் இந்திய ஐஸ் ஹாக்கி இன்றும் பெரும்பாலும் லடாக்கின் குளிர்கால ஐஸையே நம்பியிருக்கிறது. பார்ப்பதற்கு அந்தச் செலவில்லை. ஏப்ரலில் அமெரிக்காவில் சனிக்கிழமை நடக்கும் இறுதியாட்டம் நமக்கு ஞாயிறு அதிகாலை, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.