‘அகீக்’ என்னும் பெயர் புகட்டும் பாடம்

வெள்ளி மோதிரத்தில் பதித்து அணியப்படும் செந்நிறக் கல் ஒன்றுண்டு. அரபியில் அதற்கு ‘அகீக்’ என்று பெயர். தமிழில் சூதுபவளம் என்பர். காரைக்கால்வாசிகளாகிய நமக்கு இக்கல் அந்நியமானதன்று. நமது புதுச்சேரிப் பிரதேசத்திலேயே உள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. கல்லிலுள்ள இரும்புச் சத்தே அதன் செம்மைக்குக் காரணம். சூடேற்றினால் நிறம் மேலும் சிவக்கும்.

இனி, பெயரின் பொருளைக் காண்போம். ஐன், காஃப், காஃப் என்னும் மூன்றெழுத்து வேரின் கீழ் அரபு அகராதியாசிரியர்கள் இச்சொல்லை வைத்துள்ளனர். ‘பிளத்தல், அறுத்தல்’ என்பது அவ்வேரின் பொருள். வெள்ளம் நிலத்தைப் பிளந்து உண்டாக்கிய பள்ளத்தாக்கும் ‘அகீக்’ எனப்படும். மதீனாவை அடுத்துள்ள அகீக் பள்ளத்தாக்கு பரக்கத் நிறைந்தது என்பது புகாரி ஷரீஃபில் பதிவான செய்தி. மதீனா வழியாக மக்கா செல்லும் ஹாஜிகள் இஹ்ராம் அணியும் துல்ஹுலைஃபா அங்கேதான் உள்ளது.

பள்ளத்தாக்குக்குரிய அச்சிறப்பைப் பெயர் ஒற்றுமையால் கல்லுக்கும் ஏற்றிவிடலாகாது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வெள்ளி மோதிரத்தில் அபிசீனியக் கல் இருந்ததாக முஸ்லிம் ஷரீஃபில் வந்துள்ளது. அது அகீக்காகவும் இருக்கலாம் என இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள். எனவே அதை அணிவதில் குறையில்லை. ஆனால், அகீக் அணிந்தால் பரக்கத் உண்டாகும் எனக் கூறும் அறிவிப்புகளுள் எதுவும் உறுதியானதன்று என்பது இமாம் உகைலீ (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. கஃபாவின் ஹஜருல் அஸ்வதையே நோக்கி, நன்மையோ தீமையோ செய்யவியலாத கல் என்று உரைத்தார்கள் உமர் (ரலி) அவர்கள். அவ்வாறிருக்க, விரலில் அணியும் கல்லுக்கு ஏது ஆற்றல்?

அன்பர்களே! அதே வேரில் பிறந்த வேறிரு சொற்களையும் நோக்குங்கள். ஒன்று ‘அகீகா’. குழந்தை பிறந்த ஏழாம் நாள் ஆடு அறுத்து, தலைமுடி களைந்து, நாம் நிறைவேற்றும் நபிவழி அது. மற்றொன்று ‘உகூக்’. பெற்றோருடனான உறவை அறுத்து, அவர்களை நோகச் செய்வதற்கு அப்பெயர். இறைவனுக்கு இணை வைத்தலுக்கு அடுத்தபடியாக நபிகளார் எண்ணிய பெரும்பாவம் அதுவே.

நம் பெற்றோர் அகமகிழ்ந்து நமக்கு அகீகா கொடுத்தனர். முதுமையில் அவர்களுக்கு நாம் திருப்பித் தருவது உகூக்காக இருக்கலாமா? கடல் கடந்து பொருளீட்டும் மைந்தர் பலரைப் பெற்ற ஊர் இது. மாதந்தோறும் பணம் வந்தும், மகனின் குரலைக் கேட்க ஏங்கும் தாய்மார் இங்கில்லையா? பெற்றோரை நோக்கி ‘சீ’ எனவும் சொல்லாதீர் என்கிறது திருமறை. உள்ளத்தைப் பிளக்கும் மௌனம் அதனினும் இலேசானதா?

பரக்கத்தை நாடி விலையுயர்ந்த கல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. அது பெற்றோரின் துஆவில் இருக்கிறது. இன்று ஜும்ஆ தொழுது வீடு திரும்பியதும் அவர்களின் அருகே சற்று அமருங்கள்; தொலைவில் இருப்போர் அவர்களை அழைத்துப் பேசுங்கள்.