எடைக்குப் போடும் முன் ஒரு நிமிஷம்... அந்த டப்பாவில் இருப்பது கடிகார கட்டரா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்காரர்களுக்கு பல்சக்கரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஸ்பின்னிங் மில்லில் நூலின் முறுக்கை மாற்ற ஒரு பினியனைக் கழற்றிவிட்டு, பல் எண்ணிக்கை வேறாக இருக்கும் இன்னொன்றை மாட்டுவார்கள். ஒரு பல் கூடினாலும் நூல் மாறிவிடும். ஆனால் அந்தப் பல்லை வெட்டும் கட்டரைப் பார்த்தவர்கள் குறைவு. அதிலும் கடிகார கட்டர் என்றால், சுத்தம்!

தாத்தா காலத்து வாட்ச் கடையைக் காலி செய்யும்போது நடுவில் ஓட்டை போட்ட சின்ன ஸ்டீல் வட்டுகள் கிடைத்தால், உடனே பழைய இரும்புக் கடைக்குத் தூக்காதீங்க. பழைய சுவர்க் கடிகாரத்தில் ஒரு பல் உடைந்தால், கடையில் ஸ்பேர் கிடைப்பது கஷ்டம். புதுசா வெட்டித்தான் ஆகணும். எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. அந்த வாட்ச் நிறுவனத்தை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. இப்போதைய குவார்ட்ஸ் சுவர்க் கடிகாரங்களில் பெரும்பாலும் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சக்கரம்தான்.

எப்படி அடையாளம் காண்பது?

வட்டின் ஓரத்துப் பல்லை லென்ஸில் பாருங்கள். நேராக, தட்டையாக இருந்தால் அது வெறும் ரம்பம். சக்கரத்தின் இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தின் வடிவத்தில் இருந்தால் கியர் கட்டர். அந்தப் பல்லின் நுனிப் பக்கம் கிட்டத்தட்ட நேராக வந்து, அடியில் மட்டும் சட்டென்று வளைந்து விரிந்தால் அது கடிகாரத்துக்கானதாக இருக்க வாய்ப்பு அதிகம். பக்கம் முழுக்க ஒரே சீராக வளைந்தால் மெஷின் கியருக்கானது.

ஏன் இந்த வித்தியாசம்? லாரியிலும் லேத்திலும் பெரும்பாலும் சின்ன சக்கரம் பெரியதைச் சுற்றும். கடிகாரத்தில் தலைகீழ். பெரிய சக்கரம், 6 அல்லது 8 பல் மட்டுமே உள்ள குட்டிப் பினியனைச் சுற்ற வேண்டும். அதுவும் ஒரு ஸ்பிரிங்கின் சொற்ப பலத்தில். உரசல் கொஞ்சம் கூடினாலும் கடிகாரம் நின்றுவிடும். அதனால்தான் கடிகாரங்களுக்கு சைக்ளாய்டல் என்ற தனி வடிவம், மெஷின்களுக்கு இன்வால்யூட்.

எழுத்து பொறித்திருந்தால் வேலை சுலபம். 1 முதல் 8 வரை ஒரு எண்ணும் பக்கத்தில் '21-25' மாதிரி பல் வரம்பும் இருந்தால் அது மெஷின் செட். அதில் 8-ம் எண் கட்டரே 12, 13 பல்லுக்குத்தான். கடிகாரப் பினியன் அந்தக் கணக்குக்குள்ளேயே வராது.

அடுத்தது அளவு. சக்கரத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து பல் எண்ணிக்கையால் வகுத்தால் மாட்யூல். 30 மி.மீ., 60 பல் என்றால் 0.5. (பல்லின் உச்சி விட்டம் இல்லை, பற்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்து விட்டம்.) பழைய பிரிட்டிஷ், அமெரிக்க கட்டர்களில் டி.பி. என்று இருக்கும். 25.4-ஐ அதால் வகுத்தால் மாட்யூல். 48 டி.பி. என்றால் 0.529. கண்ணுக்கு 0.5 மாதிரியே தெரியும். மாற்றி வெட்டினால் பல் சேராது.

பல் எண்ணிக்கையிலும் விளையாட முடியாது. 64 பல் சக்கரம் 8 பல் பினியனையும், அடுத்த 60 பல் சக்கரம் இன்னொரு 8 பல் பினியனையும் சுற்றினால் மொத்தம் 60 மடங்கு. நிமிட முள் ஒரு சுற்று, வினாடி முள் 60 சுற்று. 64-க்குப் பதில் 63 வெட்டிவிட்டால் கடிகாரம் மணிக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம் முந்தி ஓடும்.

சில டப்பாக்களில் வட்டே இருக்காது. ஒரே ஒரு பல் உள்ள சின்ன ஸ்டீல் துண்டு கிடக்கும். உடைந்த டூல் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது ஃபிளை கட்டராக இருக்கலாம். கடிகாரக்காரர்கள் அரத்தால் ராவி தாங்களே செய்துகொண்டது. இதில் எழுத்து, எண் எதுவும் இருக்காது. ஒரு பித்தளைத் தகட்டில் ஒரே ஒரு பள்ளம் வெட்டி, பழைய சக்கரத்தோடு வைத்துப் பார்ப்பதுதான் வழி.

மழுங்கியிருந்தால்? வட்டின் வெளி ஓரத்தைச் சாணை பிடிக்கவே கூடாது, வடிவம் போய்விடும். பல்லின் முன்பக்கத்தை மட்டும் தீட்டினால் வடிவம் மாறாத கட்டரை 1864-லேயே அமெரிக்காவின் ஜோசப் பிரவுன் காப்புரிமை எடுத்துவிட்டார். டப்பாவில் இருப்பது அந்த ரகம்தானா என்று லேத் பட்டறையில் கேட்டுவிட்டுத் தீட்டக் கொடுங்கள்.