சைலன்சரில் சூடாகும் சாப்பாடும் திருமலை நீராவியும்

கனடாவின் பனிவெளிகளில் ஸ்னோமொபைல் ஓட்டப் போகிறவர்களில் பலர், மதியச் சாப்பாட்டைச் சூடாக்கத் தனியாக அடுப்பு எடுத்துச் செல்வதில்லை. இன்ஜின் புகை வெளியேறும் குழாயின் மேல் சின்ன உலோகப் பெட்டியொன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். அலுமினியத் தாளில் இறுகச் சுற்றிய சாண்ட்விச்சோ சாசேஜோ அதற்குள் போகிறது. ஒரு மணி நேரம் ஓட்டி, வண்டியை நிறுத்தி, பெட்டியைத் திறந்தால் சுடச்சுடச் சாப்பாடு. கியூபெக் மாகாணத்து ஜோசப்-அர்மான் பொம்பார்டியேயின் நிறுவனம் 1959-இல் ஸ்கீ-டூ என்ற சிறிய பனிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, இந்தச் சவாரி அங்கே குளிர்காலப் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. கார் இன்ஜினில் சமைப்பதைப் பற்றி கிறிஸ் மேனார்ட், பில் ஷெல்லர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1989-இல் ஒரு சமையல் புத்தகமே போட்டார்கள். வேகும் நேரத்தை அதில் மைல் கணக்கில் கொடுத்திருப்பார்கள்.

நமக்குப் பனி இல்லை, மலை இருக்கிறது. திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குக் கார் எடுத்துச் செல்லும் குடும்பங்களின் மடியில் புளியோதரை டப்பாவும் இருக்கிறது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் காரின் இன்ஜின் சூட்டில் ஒரு வேளைச் சோற்றை ஆக்கிவிட முடியுமா? கணக்குப் போட்டால் விடை கொஞ்சம் திடுக்கிட வைக்கிறது.

ஐந்து பேர் உட்கார்ந்த காரின் எடை 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் உயரம் ஏறத்தாழ 700 மீட்டர். இவ்வளவு எடையை இவ்வளவு உயரம் தூக்க 10 மெகாஜூல் ஆற்றல் போதும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதோ சுமார் 32 மெகாஜூல். அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு லிட்டரில் மலையேறிவிடலாமே? முடியாது. பெட்ரோல் இன்ஜின் தான் எரிப்பதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. அந்த 10 மெகாஜூலைப் பெற 40 மெகாஜூலுக்கான பெட்ரோலை எரித்தாக வேண்டும். மீதியில் ஒரு பகுதியை ரேடியேட்டர் வாங்கிக் காற்றில் விடுகிறது. எரித்த மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 13 மெகாஜூல் அளவு, சைலன்சர் வழியாக வெளியேறிவிடுகிறது.

ஒரு கிலோ அரிசியை இரண்டரை லிட்டர் தண்ணீரில் போட்டுக் கொதிநிலைக்குக் கொண்டுபோக 1 மெகாஜூல் போதும். ஆக, ஒரு கார் மலையேறும்போது புகையோடு விடும் வெப்பத்தில், கணக்குப்படி, பத்துக் கிலோ அரிசிக்கு மேல் வேக வேண்டும். அரை மணி நேரத்தில் ஏறுவதாகக் கொண்டால் அது 7 கிலோவாட் திறன். வீட்டு கேஸ் அடுப்பின் பர்னர்கள் மூன்றை முழுவதும் திறந்துவிட்டதற்குச் சமம்.

ஆனால் அந்தப் பத்துக் கிலோவில் ஒரு பருக்கைகூட வேகாது.

வெப்பம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது பாத்திரத்துக்குள் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதில்தான் சமையலின் தலையெழுத்து இருக்கிறது. சைலன்சர் குழாய் உருண்டையானது, டிபன் பாக்ஸின் அடியோ தட்டை. இரண்டும் தொட்டுக்கொள்வது ஒரு கோட்டளவு இடத்தில்தான். மற்ற இடமெல்லாம் காற்று. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படுசோம்பேறி. உள்ளங்கை அகல டப்பாவை 300 டிகிரி சூடான குழாயை ஒட்டி வைத்தால், சுமாராகக் கணக்கிட்டாலும் நூறு வாட்டுக்குப் பெரிதாக மிஞ்சாது. 7,000 வாட்டில் நமக்குக் கிடைப்பது நூறு. ஏற்கெனவே சமைத்த அரைக்கிலோ சாப்பாட்டை அரை மணியில் சூடாக்க அது தாராளமாகப் போதும். பச்சரிசியைப் பானை நிறைய வேகவைக்கப் போதாது. பனிவண்டிக்காரர்கள் சமைப்பதாகச் சொல்வதும் பெரும்பாலும் சூடாக்குவதுதான். அந்த சாசேஜ் கடையிலேயே வெந்து வந்தது.

வீட்டில் முயன்று பார்க்க நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். புளியோதரையை அலுமினியத் தாளில் சுற்றிச் சூடேற்ற வேண்டாம். புளியின் அமிலம் தாளை அரித்து ஓட்டை போட்டுவிடும், உலோகம் சோற்றில் இறங்கும். மூடி இறுக்கிய டப்பாவை அப்படியே சூடாக்கினால் உள்ளே நீராவி அழுத்தம் ஏறி வெடிக்கலாம். புகைக்குழாயின் இணைப்புகளில் கை வைத்தால் கார்பன் மோனாக்சைடு கசியும். அதற்கு வாசனையே கிடையாது. இவற்றையெல்லாம்விட யாரும் யோசிக்காத ஆபத்து, அரைகுறைச் சூடு. சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருந்தால் பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அதில் பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு போகாது. நம் ஊர் பைக் சைலன்சர்கள் கெண்டைக்காலில் தழும்பு போடுவதோடு நிற்கட்டும்.

புகையில் போகும் வெப்பத்தை உருப்படியாகப் பிடித்துச் சமைக்கும் இடம் வேறு இருக்கிறது. சித்தூர் பெயர் பெற்ற வெல்லம் காய்ச்சும் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோ கரும்பிலிருந்து கிடைக்கும் வெல்லம் பத்துக் கிலோவைச் சுற்றித்தான். சாற்றின் பெரும்பகுதி தண்ணீர். அது ஆவியாகிப் போக வேண்டும். பாகு பதம் 118 டிகிரிப் பக்கம் வருகிறது. இதற்கெல்லாம் விறகு வாங்கினால் கட்டுபடியாகாது என்பதால், பிழிந்த சக்கையையே காயவைத்து அடுப்பில் தள்ளுகிறார்கள். தென்னிந்தியாவில் பெரும்பாலும் ஒற்றைக் கொப்பரை அடுப்புதான். கொப்பரையின் அடியைத் தொட்ட தீ, பாதிச் சூட்டோடு நேரே புகைபோக்கிக்குப் போய்விடும். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் பக்கம் ஒரே புகைவழியில் மூன்று கொப்பரைகளை வரிசையாக வைக்கிறார்கள். முதல் கொப்பரையில் பாகு முறுகும்போதே, அதைத் தாண்டி வரும் புகையில் அடுத்தவற்றின் சாறு காய்ந்துகொண்டிருக்கும். ஸ்னோமொபைல் பெட்டியின் தத்துவமும் இதுவேதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே கொப்பரையின் அடி முழுவதையும் புகை தடவிக்கொண்டு போகிறது. பரப்பு பெரிதானால் சோம்பேறிக் காற்றும் வேலை செய்யும்.

இதைவிடச் சிறந்த வழி, வெப்பத்தைச் சுமக்கும் ஆளையே மாற்றிவிடுவது. திருமலை அதைத்தான் செய்தது.

ஒரு கிலோ இன்ஜின் புகை நூறு டிகிரி குளிர்ந்தால் நமக்குக் கிடைப்பது 110 கிலோஜூல் போல. ஒரு கிலோ நீராவி, 180 டிகிரியில், வெப்பநிலை ஒரு டிகிரிகூடக் குறையாமல் தண்ணீராக மாறினாலே 2,000 கிலோஜூலைக் கொட்டிவிடுகிறது. பாத்திரத்தின் சுவரில் எங்கே குளிர்ச்சி இருக்கிறதோ அங்கேதான் நீராவி அதிகமாகப் படியும், அங்கேதான் அதிக வெப்பத்தைத் தரும். அதனால் அடிப்பிடிக்கும் பயம் குறைவு. தீ ஓரிடத்தில், அண்டா வேறிடத்தில். நடுவில் ஒரு குழாய். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆக்கிப்போடும் கூடங்களெல்லாம் நீராவிக்கு மாறியதற்கு இதுதான் காரணம்.

திருமலையில் இலவச அன்னதானத் திட்டம் 1985-இல் தொடங்கியது. இப்போதைய பெரிய உணவுக்கூடம் 2011-இல் திறக்கப்பட்டது. பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டா ஊரில் பிறந்த பக்திக் கவிஞர் வெங்கமாம்பாவின் பெயரைத் தாங்கியது. ஒரே பந்தியில் நாலாயிரம் பேர் உட்காரலாம். இந்தக் கூடம் வருவதற்கு முன்பே, 2002-இல், தேவஸ்தானம் ஒரு துணிச்சலான வேலை செய்தது. டீசல் கொதிகலனோடு சூரியனையும் சேர்த்துப் பூட்டியது.

ஒவ்வொன்றும் 9.2 சதுர மீட்டர் பரப்புள்ள 106 ஆடித் தட்டுகள். அக்ரிலிக் கண்ணாடி பதித்தவை, உள்நாட்டிலேயே செய்யப்பட்டவை. சூரியன் நகர நகரத் தாமாகவே திரும்பும் இந்த வகைத் தட்டுகளை உருவாக்கியவர் ஆஸ்திரியாவில் பிறந்த வுல்ஃப்காங் ஷெஃப்லர். முதல் தட்டை அவர் 1986-இல் கென்யாவில் நிறுவினார். அவருடைய சாமர்த்தியம், தட்டு திரும்பினாலும் ஒளி குவியும் இடம் அசையாமல் இருப்பதில். கிண்ணம் போன்ற முழுப் பரவளையத்தை எடுக்காமல் அதன் பக்கவாட்டுத் துண்டை மட்டும் வெட்டி, பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சில் சுழலவிட்டார். குவியம் நகராததால் தண்ணீர்க் குழாயும் நகர வேண்டியதில்லை. நெளியும் குழாய் இல்லையென்றால் உயர் அழுத்த நீராவி கசிய இடமும் இல்லை. கோடிக் கணக்கில் செலவழித்து உலகமெங்கும் கட்டிய எத்தனையோ சூரியக் கருவிகள் இந்தச் சின்ன விஷயத்தில்தான் தடுக்கி விழுந்தன என்பது என் எண்ணம்.

திருமலைத் தட்டுகள் நாளொன்றுக்கு 4,000 கிலோவுக்கு மேல் நீராவி தரும் என்றும், அதில் சுமார் 15,000 பேருக்குச் சமைக்கலாம் என்றும், ஆண்டுக்கு 1,18,000 லிட்டர் டீசல் மிச்சமாகும் என்றும் அப்போது கணக்கிட்டார்கள். இப்படிப்பட்ட எண்களை நான் அவ்வளவு சுலபமாக நம்புவதில்லை. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 4,000 கிலோ தண்ணீரை 180 டிகிரி நீராவியாக்க 10,600 மெகாஜூல் வேண்டும். நல்ல கொதிகலனில் ஒரு லிட்டர் டீசல் 29 மெகாஜூல் கொடுக்கும். அப்படியானால் நாளுக்கு 365 லிட்டர். 1,18,000-ஐ எட்ட ஆண்டில் 320 நாளுக்கு மேல் நல்ல வெயில் வேண்டும். கணக்கு நேர்மையானதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும் மலைக்கு 320 நாள் என்பது கொஞ்சம் தாராள மனசு.

வடிவமைத்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அதனால்தான் தட்டுகளிலிருந்து வரும் நீராவியையும் பழைய கொதிகலன் நீராவியையும் ஒரே பொதுக் குழாயில் சேர்த்தார்கள். வெயில் இருந்தால் டீசல் குறையும், மேகம் வந்தால் கூடும். அண்டாவுக்கு வித்தியாசமே தெரியாது. சூரியனை மட்டும் நம்பியிருந்தால் முதல் மழைக்காலத்திலேயே மூட்டை கட்ட வேண்டியிருக்கும். சிறியதிலிருந்து பெரியதாக வளர்ந்த திட்டமும் அல்ல இது. ராஜஸ்தானில் அபு ரோடு அருகே பிரம்மகுமாரிகள் 1990-களின் இறுதியில் 84 தட்டுகள் வைத்திருந்தார்கள். திருமலை எடுத்த எடுப்பிலேயே அதைத் தாண்டியது. ஷீர்டியில் 2009-இல் 73 தட்டுகள் வந்தன.

நீராவிக்கு ஒரு எல்லை உண்டு. சோறு, சாம்பார் போன்றவை அதில் பிரமாதமாக வேகும், பூந்தி பொரியாது. பொரிக்கும் நெய் 170, 180 டிகிரிக்குப் போக வேண்டும். நெய்யைவிடப் பாத்திரச் சுவர் கணிசமாகச் சூடாக இருந்தால்தான் வெப்பம் வேகமாக உள்ளே பாயும். 180 டிகிரி நீராவியால் அது ஆகாது. இன்னும் சூடான நீராவி வேண்டுமென்றால் அழுத்தத்தைக் கிடுகிடுவென ஏற்ற வேண்டும்: 250 டிகிரிக்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல 40 மடங்கு. லட்டுக் கூடத்துக்குள் அப்படியொரு குழாயை யார் இழுப்பார்கள்? அதனால் நாளுக்கு லட்சக்கணக்கில் லட்டு பிடிக்கும் திருமலையில் பூந்தி வெகுகாலம் நேரடித் தீயிலேயே பொரிந்தது. நெய்ப்புகை படிந்த சுவரும் திறந்த நெருப்பும் ஒரே அறையில் இருந்ததால் தீ விபத்துகளும் நடந்தன.

2021 அக்டோபரில் திறக்கப்பட்ட புதிய பூந்திக் கூடத்தில் தெர்மிக் ஃப்ளூயிட் அடுப்புகள் வைத்தார்கள். கொதிக்காமலே 250 டிகிரிக்கு மேல் போகக்கூடிய ஒரு வகை எண்ணெயை வெளியே சூடாக்கி, வாணலிகளின் அடியில் சுற்றவிட்டு, குளிர்ந்ததைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இது. அந்த எண்ணெய் நீராவி போல அழுத்தம் கேட்பதில்லை. ஆனால் ஒரு கிலோவுக்கு அது சுமந்து தரும் வெப்பம் நீராவியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே பம்ப் ஓயாமல் ஓட வேண்டும், எண்ணெயை அவ்வப்போது சோதித்து மாற்ற வேண்டும். தீ மட்டும் நெய் இருக்கும் அறைக்குள் வருவதில்லை.